சாமிக்கண்ணு ஓட்டிய மிராஜ்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி,
2 ஜூன் 2005

அன்புள்ள அஞ்செல் அக்காவுக்கு,

நலம். அப்பாவும் நலம். கண் அறுவைக்குப் பிறகு அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. வீட்டில் வேறு யாருக்கும் அது வசதியாக இல்லை. கூரையில் ஒட்டடை இருப்பதை மருமகள் ஜெயத்திடமும், எனக்கு முன்தலை வழுக்கையாகி வருவதை என்னிடமும் தினமும் தெரிவிக்கிறார்.

போன் அவர் கட்டிலோரம் இருப்பதால்தான் இதைக் கடிதமாக எழுதுகிறேன்.

மகள் மரீனுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. டவுனில் ரொலான் என்பவரின் மகன், தியரி. பையன் நல்லவன். மரீனுக்கும் அவனைப் பிடித்திருக்கிறது. அது எங்களுக்குத் தெரியாது என்று இருவரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய குடும்பம். கூடத்தில் நான்கு தலைமுறைப் படங்கள் மாட்டியிருக்கின்றன, நான்கிலும் பதக்கம் இருக்கிறது.

போன வாரம் ரொலான் போனில் பேசினார். "உங்க அப்பா பிரான்சு பட்டாளத்துல சொல்தாவா இருந்தாராமே, எதுல?" என்றார். விமானப் படையில் என்றேன். இது உண்மை. "அப்போ பைலட்டா?" என்றார். லைனில் இரைச்சலாக இருந்தது. இல்லை என்று நான் சொல்லவில்லை. நான் செய்தது அவ்வளவுதான்.

இப்போது உன்னிடம் ஒரு சின்ன உதவி. நீ போன முறை கொண்டுவந்த மிராஜ் விமானத்தின் பிளாஸ்டிக் மாடலை முடிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டேன். சாம்பலும் பச்சையுமாகப் பெயின்ட் அடித்தாயிற்று. இறக்கையில் வரும் நீல, வெள்ளை, சிவப்பு வட்டங்களுக்கான டீகால் பெட்டியிலேயே இருக்கிறது. தண்ணீரில் ஊறவைத்து, காகிதத்திலிருந்து நழுவவிட்டு ஒட்டுவோமே, அந்த மெல்லிய படம்தான். காக்பிட்டுக்குக் கீழே விமானியின் பெயரை எழுதும் வழக்கம் உண்டு. பெட்டியில் வந்த பெயர் யாரோ ஒரு வெள்ளைக்காரனுடையது. உங்கள் ஊர்க் கடையில் நாம் கேட்கும் பெயரை டீகாலாக அடித்துத் தருவார்கள் என்று நீ முன்பு சொன்னாய். அப்பாவின் பெயர், சாமிக்கண்ணு என்று பிரெஞ்சு எழுத்தில், கறுப்பில், ஓர் அரிசி நீளத்துக்கு வேண்டும்.

யாரையும் ஏமாற்றுவதற்காக இல்லை. அப்பாவுக்கு ஒரு மரியாதை.

உன் தம்பி,
தெயோ


துலூஸ்,
15 ஜூன் 2005

தம்பி தெயோவுக்கு,

டீகால் இதில் இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கவரை உதறிப் பார்த்துவிட்டுக் கடிதத்தைப் படிக்கமாட்டாய்.

அப்பா விமானப் படையில் சமையல்காரர். நீயும் நானும் பிறந்ததிலிருந்து அதுதான் அவருடைய வேலை. மற்றவர்கள் சண்டைக் கதை சொல்லிக் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டினார்கள், அவர் நூறு முட்டையில் ஆம்லெட் போட்ட கதை சொல்லி ஊட்டினார். அதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. நீ வெட்கப்பட்டுப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அப்பா வேலை என்ன என்று கேட்டபோது "அரசாங்கம்" என்றாயே.

நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பையன் வீட்டில் கேட்டால் எனக்கு என்ன வேலை கொடுப்பதாக இருக்கிறாய்? கொஞ்சம் முன்கூட்டியே தெரிந்தால் நானும் தயாராக இருப்பேன்.

கடைக்காரர் இது யார் பெயர் என்று கேட்டார். அப்பா, சமையல்காரர் என்றேன். எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று அடுத்த கேள்வி கேட்டார். அவ்வளவுதான், தம்பி. வானம் இடிந்து விழவில்லை.

உனக்குச் சொல்லச் சொன்னது இது: முதலில் பளபளப்பான வார்னிஷ், அது காய்ந்ததும் அதன் மேல் டீகால், எல்லாம் முடிந்த பிறகுதான் பளபளப்பை அடக்கும் மேட் வார்னிஷ். வரிசை மாறக் கூடாதாம். சொரசொரப்பான பெயின்ட் மேல் ஒட்டினால் அடியில் காற்று தங்கி, எழுத்தைச் சுற்றி வெள்ளி மாதிரி மின்னுமாம்.

ஏன் அனுப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ கேட்டு நான் எதையும் அனுப்பாமல் இருந்ததில்லை, அந்தப் பழக்கம்தான் காரணம். வாலில் ஒட்டு. சக்கரத்தில் ஒட்டு. காக்பிட்டில் ஒட்டாதே.

அஞ்செல்


முதலியார்பேட்டை,
5 ஜூலை 2005

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ரொலான் குடும்பத்தார் வந்து போனார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அவர் மனைவி அலெக்சாந்த்ரா, மரீன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஜெயம் செய்த எறாத் தொக்கை எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அப்பா வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பேசினார். தேதி குறிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மாடல் பற்றி உனக்கு ஒரு தொழில்நுட்பத் தகவல் மட்டும். உன் கடைக்காரர் சொன்ன வரிசையில்தான் செய்தேன். பளபளப்பு, வட்டங்கள், மேட். ஆனால் உன் கவர் வருவதற்குள் மேட் அடித்துவிட்டேன். கவர் சனிக்கிழமை வந்தது. அவர்களோ சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பே, நாளைக்கு வருகிறோம் என்றார்கள். மறுபடி பளபளப்பு அடித்துக் காயவைக்க நேரம் இல்லை. பெயரை மேட்டின் மேலேயே ஒட்டி, அதன் மேல் இன்னொரு மேட் அடித்தேன். விளைவு: வட்டங்கள் எல்லாம் விமானத்தோடு பிறந்தவை போல இருக்கின்றன. பெயர் மட்டும் மின்னுகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும், இது பிறகு ஒட்டியது என்று தெரிகிறது.

நிபுணர் அல்லாதவர்கள் கவனிக்கமாட்டார்கள்.

தெயோ


துலூஸ்,
16 ஜூலை 2005

தெயோ,

உன் கடிதத்தில் வார்னிஷ் பற்றிப் பாதிப் பக்கம் இருக்கிறது, அப்பாவைப் பற்றி ஒரு வரி. "வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பேசினார்." என்ன பேசினார்?

இரண்டு ஞாயிறாக என்னோடு சரியாகப் பேசவில்லை. "சாப்ட்டேன். நல்லா இருக்கேன். வெக்கிறேன்" என்று போனை வைத்துவிடுகிறார். நேற்றும் போன் செய்து, ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாளுக்குப் பழைய சொல்தாக்களோடு நினைவுச் சின்னத்துக்கு மாலை போடப் போனாரா என்று கேட்டேன். போகவில்லை, கால் வலி என்றார். எந்தக் கால் என்று கேட்டேன். யோசித்துப் பதில் சொன்னார்.

காய்ச்சலோடு அந்த ஊர்வலத்துக்குப் போனவர் அவர். நீ என்ன செய்தாய்?

அஞ்செல்


முதலியார்பேட்டை,
27 ஜூலை 2005

அக்கா,

நேராகக் கேட்டுவிட்டாய். நான் சுற்றித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள். பிறப்புச் சான்றிதழையும் இறப்புச் சான்றிதழையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்து முத்திரை குத்துவது என் பிழைப்பு. இருபது வருடத்தில் யாருடைய தாளிலும் இல்லாத ஒன்றை நான் சேர்த்ததில்லை. சேர்க்கச் சொல்லி வந்தவர்களுக்கு நாணயத்தைப் பற்றி உபதேசம் செய்து அனுப்பியிருக்கிறேன். அவர்கள் யாரும் இந்தக் கடிதத்தைப் படிக்கப்போவதில்லை என்பது ஓர் ஆறுதல்.

அன்று அவர்கள் வருவதற்கு முன் அப்பாவிடம், "நீங்க ரொம்பப் பேச வேணாம்பா" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்றேன். பேசுவதற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார்.

மிராஜ் மேஜை மேல் இருந்தது. ரொலான் வந்து உட்கார்ந்ததும் அதைத்தான் எடுத்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பெயரை வாய்விட்டுப் படித்தார். அப்பாவும் அப்போதுதான் பார்த்தார். அறுவை நன்றாக நடந்திருக்கிறது அக்கா, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தே அவரால் அந்த அரிசி நீளப் பெயரைப் படிக்க முடிந்தது.

"எல்லாம் சரி, பேரு மட்டும் ஏன் மினுக்குது?" என்றார் ரொலான்.

காற்று, சொரசொரப்பு, வார்னிஷ் வரிசை எல்லாம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா சொன்னார்: "அதுவா? ஏர்றதுக்கு முன்னாடி எம் பேர தெனமும் துணியால தொடைப்பேன். தம்பி அத ஞாபகம் வெச்சி அப்பிடியே பண்ணிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். அலெக்சாந்த்ரா விடவில்லை. "மேலேர்ந்து பாத்தா ஊரு எப்பிடி இருக்கும் மாமா?"

"தட்டுல பரிமாறினாப்ல இருக்கும்மா. நடுவுல சோறு, ஓரத்துல கீரை."

"எவ்ளோ ஒசரம் போவீங்க?"

"கேஸ் தீர்ற வரைக்கும்."

அவர் கப்பலில் போய்க் கப்பலில் திரும்பியவர் என்பது உனக்குத் தெரியும். சாப்பாடு முடியும்வரை இப்படியே போனது. ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. அவர்கள் தெருமுனையைத் தாண்டியதும் உள்ளே போய்ப் படுத்தார். அன்றிலிருந்து கடை, மாதா கோவில், நண்பர்கள், எதுவும் இல்லை. சோறு குழைந்துவிட்டது என்றுகூட ஜெயத்திடம் சொல்வதில்லை. குழைந்துதான் இருக்கிறது.

எழுபத்தெட்டு வயதுவரை பொய் சொல்லாத ஒரு மனிதரை ஒரே மதியத்தில் நான் பொய் சொல்ல வைத்தேன். நல்ல பொய்கள் வேறு. என்னைவிடத் திறமையாகச் சொன்னார்.

தெயோ


துலூஸ்,
8 ஆகஸ்ட் 2005

தெயோ,

இரண்டு நாள் கோபம் தீரட்டும் என்று இருந்து பார்த்தேன். தீரவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

உன் கடிதம் நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். உன்னை நீயே இவ்வளவு அழகாகத் திட்டிக்கொண்டால் மற்றவர்கள் திட்டுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? அப்பா படுத்துக்கிடக்கிறார், நீ வாக்கியம் செய்துகொண்டிருக்கிறாய்.

ரொலான் வீட்டுக்குப் போ. போன் வேண்டாம், லைனில் இரைச்சல் என்பாய். நேரில் போய், எங்கள் அப்பா சமையல்காரர் என்று சொல். சம்பந்தம் போனால் போகட்டும் என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. மரீன் முகம் முன்னால் நிற்கிறது. ஆனாலும் போ. அந்தப் பெண் அந்த வீட்டில் காலமெல்லாம் தாத்தா பறந்த கதையைக் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டுமா?

அந்தப் பெயரையும் எடுத்துவிடு.

அஞ்செல்


முதலியார்பேட்டை,
22 ஆகஸ்ட் 2005

அக்கா,

முதலில் பெயர். எடுக்க முடியவில்லை. மேலே மேட் வார்னிஷ் இறுகிவிட்டது. சுரண்டினால் பெயின்டோடுதான் வரும். கட்டை விரல் நகத்தால் கொஞ்சம் முயன்றேன். பின்னாலிருந்து அப்பா, "அத நோண்டாத" என்றார். ஒன்றரை மாதத்தில் அவராக என்னிடம் பேசியது அதுதான். விட்டுவிட்டேன்.

அடுத்து ரொலான். போனேன். போகும் வழியில் சைக்கிள் நன்றாக ஓடியது, பஞ்சர் ஆகும் என்று நான் வைத்திருந்த நம்பிக்கை வீணானது. அவர் தனியாகத்தான் இருந்தார். காபி வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், வந்த பிறகு என்றால் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று தெரியும்.

"எங்கப்பா பைலட் இல்லீங்க. சமையல்காரரு."

"தெரியுங்க" என்றார் ரொலான்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"மொதல்லேர்ந்தே. முதலியார்பேட்டை சாமிக்கண்ணுன்னா தெரியாதா? எங்க தாய்மாமன் அம்மாவாசை அதே ஏர் பேஸ்ல, அவருக்குக் கீழதான பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தாரு. உங்கப்பா வெச்ச மீன் கொழம்பப் பத்தி இன்னிக்கும் பேசுவாரு."

"அப்ப ஏன் போன்ல பைலட்டான்னு கேட்டீங்க?"

"சும்மாதான். நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான்" என்றார். பிறகு, "கேட்டிருக்கக் கூடாது. வந்த எடத்துல மாடலப் பாத்ததும் உங்கள கொஞ்சம் மடக்கலாம்னுதான் பேர படிச்சேன். பெரியவரு நடுவுல பூந்துட்டாரு. அவரு அப்பிடிப் பேச ஆரம்பிச்சதும் எங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. மரியாதைக்கு நாங்களும் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தோம்."

அவர் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நல்ல தரை, பழைய காலத்துப் பூக்கல் பதித்தது. அன்று அந்த வீட்டில் நான் நிமிர்ந்து பார்த்த ஒரே பொருள் வாசல் கதவுதான்.

கல்யாணத்துக்குத் தடை இல்லை என்கிறார். ஒரு நிபந்தனை: அவர்களுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், பெரியவர் மனம் உடைந்துவிடும். சரி என்று வந்துவிட்டேன். யோசித்துப் பார், அக்கா. தெரிந்தவர்கள் எதிரே உட்கார்ந்து அந்த மதியம் முழுவதும் அவர் பறந்துகொண்டிருந்தார். அவர்கள் அவருக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி அவர் முகத்தைப் பார்ப்பது?

நீயும் சொல்லிவிடாதே.

தெயோ


துலூஸ்,
6 செப்டம்பர் 2005

தம்பிக்கு,

நான் எதுவும் சொல்லவில்லை. அப்பாதான் சொன்னார்.

ஞாயிறு போன் செய்தபோது நீயும் ஜெயமும் மரீனும் துணி எடுக்கப் போயிருந்தீர்களாம். வீட்டில் யாரும் இல்லாததால் பேசினார். நீ எழுதியதைப் போல நானும் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அந்த ரொலான் உள்ள நொழையும்போதே தெரிஞ்சிபோச்சி. அம்மாவாசையோட அக்கா மவன். மூஞ்சி அப்பிடியே அவந்தான். ரொலான் சின்னதுல எடுத்த போட்டாவ அம்மாவாசை பெட்டில பாத்திருக்கேன்."

"அவங்களுக்கு எல்லாம் தெரியும்னு தெரிஞ்சேவாப்பா அப்பிடிப் பேசுனீங்க?"

"பின்ன? அவன் அந்தப் பேரப் படிச்சிட்டு தம்பி மூஞ்சியத்தான் பாக்கறான். இவன் வெளிறிப்போயி நிக்கறான். பொண்ணப் பெத்தவன் பொய்க்காரன்னு ஆனா அந்த வீட்ல எப்பிடிம்மா பொண்ணு எடுப்பான்? கெழவன் பீத்திக்கிறான்னு ஆனா சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. எனக்கென்ன, எழுவத்தெட்டு ஆச்சி."

அப்புறம் ஏன் வெளியே போகாமல் படுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை எழுதலாமா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

"பீத்திக்கிட்டதுக்கு இல்லம்மா. நாம்ப செஞ்ச வேலைய சொல்லிக்கறதுக்கு இவனுக்கு இவ்ளோ கஷ்டமா இருந்திருக்கு, இத்தினி வருசம், எனக்குத் தெரியாமப் போச்சே."

இதற்கு மேல் நான் உன்னைத் திட்டப்போவதில்லை. எனக்கு லீவு கிடைக்கவில்லை, நிச்சயத்துக்கு வரமுடியாது. நீ என்ன செய்தாய் என்று எழுது. வாக்கியம் வேண்டாம்.

அக்கா


முதலியார்பேட்டை,
20 செப்டம்பர் 2005

அக்கா,

நிச்சயம் முடிந்தது. ரொலான் வீட்டு முற்றத்தில் நடந்தது. மோதிரம் மாற்றினார்கள். மரீன் பச்சைச் சேலை. படங்கள் தனியாக அனுப்புகிறேன்.

எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். வார்த்தைகளை அரியாங்குப்பம் பாலத்துக்கும் வீட்டுக்குமாக நடந்து நடந்து தயார் செய்திருந்தேன். அம்மாவாசை வந்திருந்தார். ஒல்லியான மனிதர், காது கொஞ்சம் மந்தம். அவரும் அப்பாவும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மோதிரம் முடிந்ததும் எழுந்தேன். "எங்கப்பாவப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

"உக்காருடா" என்றார் அப்பா. "பைலட்டு நானு. என்னப் பத்தி நான் சொல்லிக்கறேன்."

"ஆமா" என்றார் அம்மாவாசை, கேட்காத காதோடு, ஊருக்கே கேட்கும்படி. "அண்ணன் மேல கெளம்பறப்போ நான் கீழேர்ந்து கரண்டிய ஆட்டுவேன்ல!"

முற்றமே சிரித்தது. எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். என்னைச் சொல்ல மட்டும் யாரும் விடவில்லை. உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்பு கேட்க வந்தவன், கேட்குமுன்பே மன்னித்து முடித்த இடத்தில் உட்காருவது போல ஒரு சங்கடம் வேறு இல்லை.

கொஞ்ச நேரத்தில் அப்பா மூக்கைச் சுளித்தார். "என்னாடா, அடி புடிக்குது" என்றார் அம்மாவாசையிடம். இரண்டு பேரும் எழுந்து கொல்லைப்புறம் போனார்கள். கேட்டரிங்காரர் என்னமோ சொன்னார். அதற்குள் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். விறகைப் பாதி வெளியே இழுக்கச் சொன்னார், வேறு அண்டா கேட்டார், பிரியாணியை மாற்றினார். ஒரு விமானி எதற்கு அண்டாவில் கைவைக்கிறார் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் போய்ப் பின்னால் நின்றேன். திரும்பாமலே, "வெங்காயம் உரி" என்றார்.

"அப்பா, நான்..."

"உரிச்சிட்டுப் பேசு."

உரித்தேன். பச்சடிக்குப் போதவில்லை, இன்னும் உரி என்றார். அதையும் உரித்தேன். நடுவில் ஒருமுறை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, "பாதிய தோலோட எறிஞ்சிருக்கான் பாரு" என்று அம்மாவாசையிடம் என்னைக் காட்டிச் சொன்னார். இரண்டரை மாதத்தில் என் மேல் அவர் சொன்ன முதல் குறை. பேச வேண்டியதை நான் கடைசிவரை பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்தவர்கள் கிளம்பும்போது நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். கும்பிட்டுக் கும்பிட்டு ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: "பிரியாணி எங்கப்பா கைப்பக்குவம். அவரு பிரெஞ்சு விமானப் படைல சமையல்காரரா இருந்தாரு." "தெரியுமே" என்றார்கள். "தெரியும் சார்" என்றார்கள். ஒரு பாட்டியம்மா, "இப்பதான் சொல்றியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரே ஒருவர் மட்டும் தெரியாது என்றார். வில்லியனூரிலிருந்து யாரையோ ஏற்றி வந்த வாடகைக் கார் டிரைவர். அவருக்கு இரண்டு முறை சொன்னேன்.

தெயோ